மொறிஸ் மைனர் எச்சரிக்கை லைற்: சாவியை எடுத்த பிறகும் அணையாத சிவப்பு

ஒயில் பிரஷர், தண்ணிச் சூடு, பற்றரி வோல்ற் மூன்றுக்கும் டாஷ்போர்டில் பூட்டிய எல்.ஈ.டி. பலகை ஒருமாதிரி வழிக்கு வந்துவிட்டது. சாவியைத் திறந்தால் மூன்றும் 3 செக்கன் எரிந்து அணைகின்றன. ஒயில் சென்சர் வயரைக் கழற்றினால் மஞ்சள் வெட்டி வெட்டி எரிகிறது. சாவியை எடுத்தால் எல்லாம் இருட்டு. இந்தக் கடைசி வேலைதான் ஆளை வைத்து ஆட்டியது. மற்றதெல்லாம் ஒரு பின்னேரத்து அலுவல்.

வண்டி 1098 சிசி மைனர் 1000. பிளஸ் எர்த்தை (பற்றரியின் பிளஸ் வண்டி உடலில் நிற்பது) முதலே மைனஸ் எர்த்துக்கு மாற்றியாயிற்று. பற்றரி வயரைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, டைனமோவின் எஃப், டி வயர்களைக் கழற்றிவிட்டு எஃப் முனையில் பற்றரி பிளஸ்ஸை ஒரு செக்கன் தொட்டு எடுத்தால் போதும். மாற்றாமலும் செய்யலாம், ஆனால் கடையில் கிடைக்கிற மொடியூல் எல்லாமே மைனஸ் எர்த்தை நம்பிச் செய்தவை. அலுமினியப் பெட்டியின் ஸ்குரூ ஒன்று வண்டிப் பொடியில் (உடல் தகட்டில்) பட்டாலே புகை வரும்.

இப்படி ஒரு பலகையின் யோசனை வீட்டிலேயே சின்ன விமானம் கட்டுகிற ஆட்களிடமிருந்து வந்தது. அவர்களுடைய எஞ்சின் மொனிற்றரில் எத்தனை எண் ஓடினாலும், கண்ணுக்கு நேரே ஒரு சிவப்பு லைற் தனியாக இருக்கும். சிவப்பு என்றால் உடனே ஏதாவது செய்ய வேண்டும், மஞ்சள் என்றால் கவனித்துக்கொள், அவ்வளவுதான். அந்த மொனிற்றர்களின் எச்சரிக்கை வயரில் பெரும்பாலும் 12 வோல்ற் வெளியே வராது. அது எர்த்துக்கு இழுக்கிற வயர். லைற்றின் ஒரு கால் பிளஸ்ஸில் நிற்கும், மறு காலை மொனிற்றர் எர்த்துக்குத் தொட்டுவிடும். இங்கே அர்டுயினோ நானோவும் (புரோகிராம் எழுதிப் போடுகிற சின்னக் கணினிப் பலகை) அதன் சொற்படி லைற் காலை எர்த்துக்கு இழுக்கிற யூஎல்என் 2003 ஐசியும் அதே வேலையைச் செய்கின்றன.

பழுது எப்படி வந்தது என்றால், மைனரின் பியூஸ் பெட்டியில் ஏ2 ஊதா வயர். சாவி இல்லாமலே எப்போதும் உயிரோடு இருக்கும், ஹோர்ன் அதில்தான். ஏ4 பச்சை வயர் சாவி திறந்தால் மட்டும். பலகையின் எல்.ஈ.டி.களுக்கு ஊதாவிலிருந்தும் நானோவுக்குப் பச்சையிலிருந்தும் எடுத்திருந்தது. சாவியை எடுத்தால் நானோ செத்துவிடும், ஐசி எதையும் எர்த்துக்கு இழுக்காது, லைற் அணைய வேண்டும். நியாயம் அதுதான். ஆனால் மூன்றும் கிட்டத்தட்ட முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டு நின்றன.

முதல் சந்தேகம் ஐசியில் விழும். சொக்கெற்றிலிருந்து பிடுங்கினால் லைற் அணைகிறது, ஆகவே ஐசி எரிந்துபோய் உள்ளே எர்த் ஆகிவிட்டது என்று தோன்றும். புது ஐசி போட்டாலும் அதே எரிவு. நல்ல ஐசியைக் குப்பையில் போடவைக்கிற இடம் இது.

விசயம் 9ஆம் காலில் இருக்கிறது. யூஎல்என் 2003இல் 1 முதல் 7 வரை உள்ளே போவது, 8 எர்த், 10 முதல் 16 வரை வெளியே வருவது. 9 என்பது கொம். ஏழு வெளிக்கால்களிலிருந்தும் ஒவ்வொரு டயோட் அந்தக் கொம்முக்குப் போகிறது. ரிலே மாதிரிச் சுருள் உள்ள சாமானை அணைக்கும்போது வருகிற உதையை விழுங்கத்தான் அவை. இணையத்தில் சுற்றுகிற படங்களில் கொம்மைப் பிளஸ்ஸில் கொடு என்றிருக்கும். எந்தப் பிளஸ் என்று சொல்வதில்லை. இங்கே அது நானோவோடு சேர்ந்து பச்சையில் நின்றது.

இப்போது சாவியை எடுங்கள். ஊதாவில் 12.4 வோல்ற். அது எல்.ஈ.டி.க்குள்ளால், 820 ஓம் ரெசிஸ்ரருக்குள்ளால் ஐசியின் வெளிக்காலுக்கு வருகிறது. ஐசி இழுக்கவில்லை, ஆனால் உள்ளேயுள்ள டயோட் வழியாகக் கொம்முக்கு ஏறி, பச்சை வயருக்குள் பின்பக்கமாக இறங்கி, பெற்றோல் மீற்றருக்குள்ளால் பொடிக்குப் போய்விடுகிறது. டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் மூடிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் ஏ3, வெள்ளை வயர், கொயில் வழியாகவும் போகும். எல்.ஈ.டி.க்கு 1.9, டயோட்டுக்கு 0.7 கழித்தால் மிச்சம் 9.8 வோல்ற். அதை 820ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 12 மில்லி அம்பியர். எரியாமல் என்ன செய்யும்?

மீற்றர் வைத்தால் துப்பு உடனே தெரியும். சாவி இல்லாதபோது பச்சை வயரில் சுத்தமாகச் சைபர் இருக்க வேண்டும். கொஞ்ச வோல்ற் மிச்சம் நின்றால் எங்கிருந்தோ பின்வழியாக ஏறுகிறது. ஊதாவின் பியூஸைக் கழற்றினால் அது மறையும். மூன்று லைற்றும் சேர்ந்து 35 மில்லி அம்பியர் மட்டில் இழுக்கும் என்பதால், ஒரு கிழமை நிறுத்தி வைத்த வண்டியில் 6 அம்பியர் மணி போயிருக்கும். ஏற்கெனவே பலவீனமான பற்றரி என்றால் காலையில் ஸ்ராற்றர் முனகும்.

தீர்வு இரண்டு. எல்.ஈ.டி.க்கும் நானோவுக்கும் ஒரே பச்சை வயர், அல்லது கொம் காலை வெறுமையாக விடுவது. எல்.ஈ.டி.யில் சுருள் இல்லை, அதற்குக் கொம் வேண்டியதே இல்லை. இரண்டையும் செய்தாயிற்று. பிறகு ரிலே ஒன்று சேர்ந்தால் அதன் சுருளுக்குக் குறுக்கே தனி 1என்4007 டயோட் போடலாம், வெள்ளிக் கோடு பிளஸ் பக்கம். விமானம் கட்டுபவர்களில் மொனிற்றருக்கு ஒரு பஸ்ஸும் (மின் பிரிந்து போகிற பொதுக் கம்பி) லைற் பலகைக்கு இன்னொரு பஸ்ஸும் வைப்பவர்களுக்கும் இதே பழுது இதே வடிவில் வரும்.

ரெசிஸ்ரர் கணக்கு 12 வோல்ற்றுக்கு அல்ல, சார்ஜ் ஏறும்போதுள்ள 14.4க்குப் போடவேண்டும். 15 மில்லி அம்பியருக்கு 820 ஓம். கால் வாற் தாங்கும், ஆனால் சுடும். அரை வாற் வாங்குங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடிக்குக் கீழே சாதாரண எல்.ஈ.டி. தெரியவே தெரியாது, தெளிந்த கண்ணாடி முனையுள்ள அதிவெளிச்ச வகைதான் வேணும். இரவில் அது கண்ணைக் குத்தும். அதனால் சைட் லைற்றின் சிவப்பு வயரிலிருந்து 10 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் பிரித்து நானோவுக்கு ஒரு கால் கொடுத்து, சைட் லைற் போட்டால் மங்கச் செய்திருக்கிறது.

ஒயிலுக்கு 3 வயர் சென்சர், 0 முதல் 100 பிஎஸ்ஐ, வெளியே 0.5 முதல் 4.5 வோல்ற். ஒரு பிஎஸ்ஐக்கு 0.04 வோல்ற். 12 பிஎஸ்ஐக்குக் கீழே சிவப்பு (5 வோல்ற்றை 1023 என்று எண்ணுகிற நானோவில் 200), 15க்கு மேலே ஏறினால்தான் அணையும் (225). இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஐட்லிங்கில் லைற் கண் சிமிட்டும். சிக்னல் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 100 கிலோ ஓம் கட்டாயம். வயர் அறுந்தால் 0 வோல்ற்றுக்கு விழும், 50க்குக் கீழே வாசித்தால் பிரஷர் குறைவென்று சொல்லாமல் சென்சர் பழுது என்று மஞ்சளை வெட்டச் சொல்லலாம். சென்சரின் எர்த் நானோவின் எர்த்துக்கே வரவேண்டும். எஞ்சின் புளொக்கில் கொடுத்தால் ஸ்ராற்றர் சுற்றும்போது வாசிப்பு ஆடும்.

கம்பனி போட்ட ஒற்றை வயர் ஒயில் சுவிச்சையும் கழற்றவில்லை, ரீ துண்டு (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு இரண்டும் நிற்கின்றன. ரீ துண்டு வாங்கும்போது மரைக்கேஜ் வைத்துப் பாருங்கள். எட்டில் ஒரு அங்குல பிஎஸ்பிக்கு (பிரித்தானியக் குழாய் மரை) அங்குலத்துக்கு 28 மரை, என்பிடிக்கு (அமெரிக்கக் குழாய் மரை) 27. ஒன்றுக்குள் மற்றதைப் பூட்டினால் இரண்டு மூன்று சுற்று சமத்தாகப் போய், பிறகு இறுகி மரையைத் தின்றுவிடும். வெள்ளை ரேப்பை அள்ளிச் சுற்றினால் பழைய சுவிச்சுக்குப் பொடி எர்த் கிடைக்காமல் அதன் லைற் எரியவே எரியாது. எரியாத லைற்றைப் பார்த்து எல்லாம் நல்லம் என்று ஓடுவோம்.

தண்ணிச் சூட்டுக்கு மஞ்சள் 95 பாகை, சிவப்பு 103. ரேடியேற்றர் மூடி 7 பிஎஸ்ஐ என்றால் கொதிப்பது 110 மட்டில். எங்கட கிணற்றுச் சுண்ணாம்புத் தண்ணியை ஊற்றி ஊற்றி ரேடியேற்றர் குழாய் பாதி அடைத்துப்போன வண்டிகளுக்கு இந்த லைற்தான் ஒயில் லைற்றை விட முக்கியம். மழைத்தண்ணி பிடித்து ஊற்றுங்கள். ஆனால் தண்ணி முழுக்க ஒழுகிப்போனால் சென்சர் காற்றில் நின்று குறைவாகவே வாசிக்கும், அதை இந்தப் பலகை பிடிக்காது.

சார்ஜ் பல்ப்பை மட்டும் மாற்றாதீர்கள். டைனமோ வண்டியில் பரவாயில்லை. அல்ரனேற்றர் போட்டவர்கள் அந்த 2.2 வாற் பல்ப்பை எடுத்து எல்.ஈ.டி. போட்டால் தொடக்க மின் கிடைக்காமல் சார்ஜே ஏறாது. போட்டே தீர வேண்டுமென்றால் குறுக்கே 68 ஓம், 5 வாற்.

சென்சரும் நானோவும் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். பித்தளை ரீ துண்டு பஞ்சிகாவத்தையில். உள்ளூரில் ஒரு கடை 0.5 சதுர மில்லிமீற்றர் என்று கட்டித்தந்த வயருக்குள் செம்பு பூசிய அலுமினியம் இருந்தது. சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும், ஈயம் பிடிக்காது, உப்புக்காற்றில் கிரிம்ப் பொரிந்துவிடும். வாங்க முன் ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள்.

அடுத்தது சுற்று வேகம். சூடான ஏ சீரீஸ் (மைனரின் எஞ்சின் வகை) ஐட்லிங்கில் 15 பிஎஸ்ஐ காட்டினால் வருத்தமில்லை, ஓட்டத்தில் 60 மட்டில் நிற்க வேண்டிய இடத்தில் 15 என்றால் பெயரிங் போகிறது. மண்ணெண்ணெயில் ஓடி ஒயில் இளகித் தேய்ந்த, யுத்தத்தில் பெற்றோல் வராத தடைக்கால எஞ்சின்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். சின்ன விமானங்களில் ஓடும் ரொட்டாக்ஸ் 912க்கும் 3500 சுற்றுக்குக் கீழே 0.8 பார் போதும், மேலே 2 பார் வேணும் என்று இரண்டு எல்லை உண்டு. அதே மாதிரி 2000 சுற்றுக்கு மேலே 30 பிஎஸ்ஐ (348) என்று இன்னொரு எல்லை வைக்கவேண்டும். நாலு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு 2 துடிப்பு, 2000 சுற்றில் 67 ஹேர்ட்ஸ். கொயிலில் நூற்றுக்கணக்கில் வோல்ற் உதைக்கும் என்பதால் பிசி817 ஒப்ரோகப்ளர் (வெளிச்சத்தால் மட்டும் துடிப்பைக் கடத்துகிற ஐசி), முன்னால் 10 கிலோ ஓம் 2 வாற், எதிர்ப்பக்கமாக ஒரு 1என்4007. சாமான் மேசையில் கிடக்கிறது. பலகையின் பின்மூடி இன்னும் பூட்டவில்லை, இதற்கும் ஒரு துளை போட்ட பிறகு பூட்டலாம்.