சித்தியின் மாத்திரை அட்டை

போன மாதம் குடியாத்தம் போனபோது சித்தியின் மாத்திரை அட்டை கண்ணில் பட்டது. எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் பாதி அப்படியே இருந்தது. கேட்டால், "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன்டா, ஒண்ணும் பண்ணல" என்கிறார். பீடி சுற்றும் கூலியில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதம் 1,100 ரூபாய் என்றால் வேறு என்னதான் செய்வார்?

சீட்டை வாங்கிப் பார்த்தேன். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, அம்லோடிபின். மூன்றும் பழைய மருந்துகள், காப்புரிமை முடிந்து எத்தனையோ கம்பெனிகள் செய்பவை. ஆனால் டாக்டர் எழுதியிருந்தது ஒரு கம்பெனி வைத்த பெயரை, அதுவும் அந்த கிளினிக் வாசலில் உள்ள மெடிக்கலில் மட்டும் கிடைக்கிற பெயரை. அதே மருந்துகளை வேலூரில், அரசுத் திட்டத்தில் குறைந்த விலைக்கு விற்கும் ஒரு முதல்வர் மருந்தகத்தில் வாங்கினேன், கால்வாசிப் பணம்கூட ஆகவில்லை. எனக்கு ஆறவே இல்லை. கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை பார்த்து, விலை கேட்டு, அடுத்த கடைக்குப் போகிற சித்தி, சீட்டை நீட்டும்போது மட்டும் சொன்ன காசை எண்ணி வைக்கிறார். மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் வேறொருவர். அங்கே பேரத்துக்கு இடமே இல்லை.

பேரம் பேச ஆள் இருந்தால் விலை எப்படி விழும் என்பதற்கு நம்ம ஊரோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சென்னையில் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதே முதலில் தெரிந்தது. பின்னால் அதற்குக் கூட்டு மருந்து வந்தது, விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். 2001-இல் நம்ம நாட்டு மருந்துக் கம்பெனியான சிப்லாவின் தலைவர் யூசுஃப் ஹமீது அதை உதவி அமைப்புகளுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். எப்படி முடிந்தது? மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்று 1970-லேயே நாம் சட்டம் போட்டிருந்தோம். அதனால் அதே மருந்தை வேறு செய்முறையில் இன்னொரு கம்பெனியும் செய்யலாம். ஆப்பிரிக்காவில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தது அப்படித்தான். 2005-இல் உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று, ஆனாலும் பழைய மருந்தைக் கொஞ்சம் திருத்திப் புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்க 3(டி) பிரிவைச் சேர்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்குக்கு 2006-இல் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுப்புச் சொன்னது அதை வைத்துத்தான். 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆன அந்த மருந்து, உள்ளூர்க் கம்பெனிகளிடம் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

உள்ளூரில் அந்தப் பேரத்தைப் பேசுவது, அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகத் தரும் மருந்துகளை வாங்குகிற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர், அதனால் விலை இறங்கும். கேரளாவும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன.

சித்தியிடம் இதைச் சொன்னால், "ஓசி மாத்திரை உடம்புக்குக் கேக்காதுடா" என்கிறார். லேபில் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள் என்றேன். அப்புறம்தான் உண்மையான காரணம் வந்தது: ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய பீடிக் கூலி போச்சு. இலவச மாத்திரைக்கு அவர் கொடுக்கும் விலை அது. நான் இதை யோசிக்கவே இல்லை.

சரி, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்று, தெருவுக்கு வரும் அக்காவிடம் பெயரைப் பதியச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது ஞாயிறுதோறும் போன் போட்டு, அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணச் சொல்கிறேன்.