ட்ரே வந்துச்சு, குரல் எடுபடல
டாக்டர்கிட்ட தயங்காம விஷயத்தைச் சொல்றது எப்படின்னு நர்ஸ்களுக்கு ட்ரெயினிங் குடுக்க ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு, எந்த பேட்ச் வந்தாலும் முதல் நாள் நான் எடுக்கிற கேஸ் ஒண்ணுதான். 2005 மார்ச், இங்கிலாந்து. எலெய்ன் ப்ரோமிலி, 37 வயசு, ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட அம்மா, சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்தவங்க. மயக்க மருந்து குடுத்ததும் மூச்சு போற வழி அடைபட்டுப் போச்சு, மாஸ்க் வச்சும் சரியா வரல, ட்யூபும் இறங்கல. உள்ள இருந்தவங்க அனுபவமான கன்சல்டன்ட்ஸ், அதாவது சீனியர் டாக்டர்ஸ், ஆனா இருபது நிமிஷத்துக்கு மேல ட்யூப் போடறதுலயே நின்னுட்டாங்க. அதுக்குள்ள ஒரு நர்ஸ், கழுத்துல துளை போட்டு மூச்சுக்கு வழி பண்ற ட்ரக்கியாஸ்டமி ட்ரேயை வரவழைச்சு, ரெடியா இருக்குன்னு சொல்லியிருக்காங்க, யாரும் காதுல வாங்கல. இன்னொருத்தங்க ஐசியூல பெட் சொல்லிட்டு வந்து, டாக்டர்ஸ் பார்த்த பார்வையில அதைக் கேன்சல் பண்ணிட்டாங்க. 13 நாள் கழிச்சு எலெய்ன் இறந்துட்டாங்க.

க்ளாஸ்ல இதை முழுசா சொல்ல மாட்டேன். முடிவு தெரிஞ்சுட்டா எல்லாரும் ஜட்ஜ் ஆகிடுவாங்க. ட்ரே வந்த இடத்துல நிறுத்திட்டு "அந்த நர்ஸ் நீங்கதான், இப்ப என்ன பண்ணுவீங்க"ன்னு கேப்பேன். "கத்தியாவது சொல்லியிருப்பேன் மேடம்"னு ஒரு பொண்ணாவது சொல்லும், மனசாரத்தான் சொல்லும்.

டீ ப்ரேக் முடிஞ்சு வந்ததும் அந்தப் பொண்ணு கையிலயே போனைக் குடுப்பேன். ராத்திரி ரெண்டு மணி, வயித்துல ஆபரேஷன் முடிஞ்ச பேஷன்ட், பிபி 80-க்கு 50, பல்ஸ் 130, ரெண்டுமே ஆபத்தான நம்பர், கன்சல்டன்ட் சாரை எழுப்பணும், நான்தான் சார். போன பேட்ச்ல வந்தது அப்படியே: "சார்... சாரி சார் டிஸ்டர்ப் பண்றதுக்கு... பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு சார்." நான் "ஃப்ளூயிட் போட்டு விடுங்க, காலையில பார்க்கறேன்"னேன். "ஓகே சார்"னு வச்சுடுச்சு. கத்துவேன்னு சொன்ன அதே பொண்ணு, பிபி நம்பரே வாயில வரல.

இதுக்காகத்தான் ரெண்டும் வேணும்னு அடிச்சுச் சொல்றேன். கேஸ் மட்டும் பேசினா நமக்கு எல்லாம் தெரியும்ங்கிற எண்ணத்தோட எழுந்து போயிடுவாங்க, ரோல் ப்ளே மட்டும் பண்ணா எதுக்கு இந்த நாடகம்னு தோணிடும்.

அப்புறம் எஸ்பார் முறையில மறுபடி பேச வைப்பேன், அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம் அது, இப்ப நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், எனக்கு என்ன வேணும், இந்த நாலையும் வரிசையா சொல்றது. ஆனா நிஜமா மாத்தறது ஆளை மாத்தி உக்கார வைக்கிறதுதான். அந்தப் பொண்ணு டாக்டரா உக்காந்து, நான் சிஸ்டரா மாறி அது சொன்ன வரியையே அதுகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "தூக்கத்துல இதைக் கேட்டா எனக்கே எழுந்திருக்கத் தோணாது மேடம்"னுச்சு. இந்த ஒரு வரியை நான் எத்தனை ஸ்லைடு போட்டாலும் வாங்கியிருக்க முடியாது.

ஆரம்பத்துல ஒரு ஆஸ்பத்திரில நாப்பது பேர் முன்னாடி, இன்சார்ஜ் சிஸ்டரும் உக்காந்திருக்க, புதுசா சேர்ந்த பொண்ணை எழுப்பி நடிக்க விட்டேன். அழுதுட்டு வெளிய போயிடுச்சு, தப்பு முழுக்க என்னோடது. அன்னையிலிருந்து மூணு மூணு பேரா பிரிச்சுடறேன், ஒருத்தர் போன் பண்ண, ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் பார்த்து எழுத. முடிஞ்சதும் நடிச்சவங்கதான் முதல்ல பேசணும், பார்த்தவங்க அப்புறம்.

எலெய்னோட கணவர் மார்ட்டின் விமானி. யாரையும் தண்டிக்கணும்னு அவர் போகல, என்ன நடந்துச்சுன்னு கத்துக்கணும்னு கேட்டாரு, 2007-ல அதுக்காகவே ஒரு குழுவும் தொடங்கினாரு. விமானத் துறையில கேப்டனும் கோ பைலட்டும் சேர்ந்து உக்காந்துதான் இந்த மாதிரி பேசற, கேக்கற பயிற்சி எடுக்கறாங்க. நம்ம ஊர்ல நர்ஸ்களை மட்டும் உக்கார வச்சு "தைரியமா பேசுங்க"ன்னு சொல்லிட்டு இருக்கோம், கேக்க வேண்டியவங்க க்ளாஸ் பக்கமே வர்றதில்ல, எனக்கு இதுல நிஜமாவே கோவம் உண்டு.

போன மாசம் ஒரு டியூட்டி டாக்டர் தானா வந்தாரு. சிஸ்டர் ரோல் குடுத்தேன், ஒரு சீனியர் சிஸ்டர் கன்சல்டன்ட்டா நடிச்சாங்க. "காலையில பார்க்கறேன்"னு அவங்க சொன்னதும் அவரும் "ஓகே சார்"னுட்டாரு. அடுத்த பேட்ச்சுக்கு மூணு டாக்டர்ஸ் பேரை அவரே எழுதிக் குடுத்திருக்காரு.