கூடுதல் மாடிக்கு ஈடாகத் திறந்தவெளி: நியூயார்க் விதியில் விட்டுப்போனவை

கட்டுபவருக்குக் கூடுதல் மாடி, ஊருக்குத் திறந்தவெளி. நியூயார்க் 1961-இல் எந்தப் பகுதியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் தன் மண்டல விதிகளைப் புதிதாக எழுதியபோது இந்தப் பண்டமாற்றைக் கொண்டுவந்தது. நகராட்சி நிலம் வாங்கவும் வேண்டாம், பராமரிக்கவும் வேண்டாம்.

கணக்கு இதுதான். அடர்த்தி மிகுந்த அலுவலகப் பகுதிகளில் மனைப்பரப்பைப்போல் 15 மடங்கு தளம் கட்டலாம். மனைக்கும் தளத்துக்குமான இந்த விகிதம் நம் ஊர் எஃப்.எஸ்.ஐ. போலத்தான். பொதுமக்களுக்குச் சதுக்கம் விட்டால், விட்ட ஒவ்வொரு சதுர அடிக்கும் 10 சதுர அடி தளம் கூடுதலாகக் கிடைக்கும். உச்சவரம்பு 18 மடங்கு. மனை 50,000 சதுர அடி என்றால் இயல்பான உரிமை 7,50,000 சதுர அடி. 15,000 சதுர அடியைத் திறந்துவிட்டால் மேலும் 1,50,000.

சலுகை தாராளம், பதிலுக்குக் கேட்டதோ சொற்பம். வானம் பார்த்த, தடையில்லாத, எந்நேரமும் நுழையக்கூடிய இடம். தெருமட்டத்துக்கு 5 அடிக்கு மேலோ 12 அடிக்குக் கீழோ போகக் கூடாது. இருக்கை வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதனால் பல இடங்களில் கிடைத்தது மொட்டைக் கல்தளம். 12 அடிப் பள்ளத்துக்குள் படியிறங்கி உட்கார யாருக்குத் தோன்றும்?

நகர வாழ்வை ஆராய்ந்த எழுத்தாளர் வில்லியம் வைட் 1970-களில் இந்தச் சதுக்கங்களைக் கேமரா வைத்து மாதக்கணக்கில் கவனித்தார். உட்கார இடம் இருந்தால் மக்கள் வருகிறார்கள். இவ்வளவு எளிய உண்மை, 1975-இல்தான் விதியில் ஏறியது: 30 சதுர அடிச் சதுக்கத்துக்கு 1 அடி நீள இருக்கை. நாம் பார்த்த 15,000 சதுர அடிக்கு 500 அடி. கூடவே மரங்கள், இது பொதுவிடம் என்று சொல்லும் பலகை. 2007 திருத்தம் குறைந்தபட்சப் பரப்பை 2,000 சதுர அடி ஆக்கியது; திண்டுகளில் யாரும் உட்கார முடியாதபடி முள்ளும் கம்பியும் பதிப்பதைத் தடுத்தது; மூன்றாண்டுக்கு ஒருமுறை உரிமையாளர் அறிக்கை தர வேண்டும் என்றது.

ஆனால் பழைய சதுக்கங்களைப் பழைய விதிதான் கட்டுப்படுத்துகிறது. 2000-இல் வெளியான ஆய்வு 320 கட்டடங்களில் 503 இடங்களை எண்ணி, 41 சதவீதம் மிகச் சுமாரானவை என்றது. 2017 தணிக்கையில் 333 வளாகங்களில் 182, தர வேண்டிய வசதிகளைத் தரவில்லை.

காரணம், கொடுக்கல் வாங்கலின் கால வேறுபாடு. மாடி கட்டி முடித்ததும் கைக்கு வந்துவிடுகிறது, அதை யாரும் இடித்துத் திரும்பப் பெறப் போவதில்லை. சதுக்கத்தைப் பெருக்குவதும் கதவைத் திறப்பதும் தினப்படி வேலை. அதற்குத் தனியாக எந்த ஊக்கமும் இல்லை.

ஆகவே இப்படியொரு சலுகை எழுதுபவர்கள் சதுக்கம் தயாராகும் வரை கூடுதல் மாடிகளுக்கு நிறைவுச் சான்றிதழ் தராதீர்கள். பராமரிப்புக்கு வைப்புத்தொகை வாங்கி, தவறினால் அதிலிருந்தே நகராட்சி வேலையை முடிக்கட்டும். "நல்ல இருக்கை வசதி" என்று எழுதாமல் நீளம், உயரம், எண்ணிக்கை எழுதுங்கள். ஆய்வாளர் டேப்பைப் பிடித்தே பிழையைக் காட்ட முடியும். திறந்திருக்கும் நேரத்தையும் புகார் எண்ணையும் பலகையில் போடுங்கள். காவலாளி எழுப்பிவிட வந்தால், உட்கார்ந்திருப்பவர் விரல் நீட்டிக் காட்ட அது வேண்டும்.