டி டிரைவில் போட்ட ஜாவா
சி டிரைவில் இடம் இல்லாததால் தங்கச்சி, புரோகிராம் எழுதப் பயன்படும் ஜாவாவின் புதிய வெர்ஷன் 17-ஐ டி டிரைவில் தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறாள். "அண்ணா, வெர்ஷன் கேட்டா இன்னும் 8-ன்னே காட்டுது" என்று பென்னாகரத்திலிருந்து போன்.

கமாண்ட் பிராம்ப்டில் 'வேர் ஜாவா' (where java) அடிக்கச் சொன்னேன்; ஜாவா எந்தெந்த ஃபோல்டரில் கிடைக்கிறது என்று வரிசையாகக் காட்டும். பழைய 8-இன் ஃபோல்டர்தான் முதலில் வந்தது. பாத் (Path) என்பது விண்டோஸ் புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல். புதியதை அவள் தன் கணக்குக்கு மட்டுமான யூசர் பாத்தில் சேர்த்திருந்தாள். விண்டோஸ் எல்லாருக்கும் பொதுவான சிஸ்டம் பாத்தைத்தான் முதலில் பார்க்கும். அங்கே புதிய ஜாவாவின் இயங்கும் ஃபைல்கள் உள்ள 'பின்' (bin) ஃபோல்டரை மேலே ஏற்றினோம். ஜாவா இருக்கும் இடத்தை மற்ற புரோகிராம்களுக்குச் சொல்லும் ஜாவா ஹோமில் (JAVA_HOME) மட்டும் 'பின்' வரக் கூடாது, அதற்கு முந்தைய ஃபோல்டரோடு நிறுத்த வேண்டும். எத்தனை பிள்ளைகள் இந்த இடத்தில் மணிக்கணக்கில் தவிக்கிறார்கள்!

அப்புறமும் 8. திறந்திருந்த விண்டோ பழைய மதிப்பையே வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறந்ததும் 17 வந்தது. ராத்திரியே தோழியின் லேப்டாப்பையும் அவளே சரிசெய்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.