ஒரே பையில் இரண்டு கொப்பிகள்

நெடுங்கேணிப் பக்கத்தில் வயல் செய்யும் என் சித்தப்பாவுக்குச் சென்ற ஆண்டு இதயத்தின் பெருநாடி வால்வு மாற்றப்பட்டது. சிறுநீரகக் கிளினிக்குக்கு ஒரு கொப்பியும் இதயக் கிளினிக்குக்கு இன்னொரு கொப்பியும் அவரிடம் இருந்தன. சித்தி இரண்டையும் ஒரே சொப்பிங் பையில்தான் வைத்திருந்தார். ஆனால் ஒன்றில் எழுதிய மருத்துவர் மற்றதைப் புரட்டியதில்லை. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த பின்னர்தான், மயக்கமருந்து கொடுக்கும் மருத்துவர், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 2.0 (mg/dL) என்றிருந்ததைக் கண்டு திகதியைத் தள்ளிவைத்தார்.

56 வயது ஆணுக்கு அந்த அளவு, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 38 மில்லிலீற்றராகக் குறைந்துவிட்டது என்பதைக் காட்டும். 60-க்குக் கீழே மூன்று மாதங்களுக்கு மேல் நின்றாலே அது நாட்பட்ட சிறுநீரக நோய்தான். நோவு இல்லை, வீக்கம் இல்லை, ஆகவே நோயும் இல்லை என்று இருந்துவிடுவது எங்கள் ஊர்களின் வழக்கம். காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நின்றுவிடாமல் வவுனியா, முல்லைத்தீவு வரை வந்திருக்கும்போது, இந்த அசட்டை எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது. இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கிப் போட்ட, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோபினாக் குளிசைகளைப் பற்றியும் சித்தப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு வால்வு மாற்றிய பின்னர் உயிராபத்தும், இரத்தக்கசிவும், கிருமித்தொற்றும் மற்றவர்களைவிட அதிகம். சத்திரசிகிச்சையின்போது இதயத்தின் வேலையைச் செய்யும் இதய நுரையீரல் இயந்திரத்தில் இரத்தம் ஓடும் நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ஓட்டம் குறையலாம். சிவப்பணுக்கள் உடைந்து வெளிவரும் பொருட்களும் அதைத் தாக்கும். இருப்புத் திறன் குறைந்த சிறுநீரகத்தால் இந்த அடியைத் தாங்குவது கடினம்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதல் இரவில் நான் பார்த்துக்கொண்டிருந்தது இதயத்துடிப்புத் திரையை அல்ல, கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றராவது வரவேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். மூன்று மணி ஆனபோதும் 20-ஐத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் கிரியேட்டினின் 3.4-க்கு ஏறி, டயலிசிஸ் வேண்டிவரும் என்று பேசப்பட்டு, பத்தாம் நாளில் 2.3-க்கு இறங்கியது. பழைய 2.0-க்கு அது இன்றுவரை திரும்பவில்லை.

எந்த வால்வு என்பதிலும் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. விலங்கின் இழையத்தால் செய்த உயிரிழைய வால்வில் சுண்ணாம்பு விரைவாகப் படியும் என்று அஞ்சி, டயலிசிஸ் செய்பவர்களுக்கு உலோக வால்வே நல்லது என 1998-இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் கூறியது. பிந்திய ஆய்வுகளில் உயிர்வாழும் காலத்தில் பெரிய வேறுபாடு காணப்படாததால் 2006-இல் அந்தப் பரிந்துரை நீங்கியது. உலோக வால்வென்றால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்தை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அதன் அளவைச் சமன்படுத்துவது கடினம், இரத்தக்கசிவும் எளிதில் வரும். மண்வெட்டியும் கத்தியும் பிடிப்பவர், இரத்தப் பரிசோதனைக்கு பஸ்ஸேறி வவுனியாவுக்குப் போகவேண்டியவர் என்பதைக் கேட்டறிந்த பிறகே மருத்துவர் உயிரிழைய வால்வைத் தேர்ந்தார். அந்தக் கேள்விகளுக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது இரண்டு கொப்பிகளின் முதற்பக்கத்திலும், கடைசியாக வந்த கிரியேட்டினின் அளவைத் திகதியோடு சிவப்புப் பேனையால் நானே எழுதி வைக்கிறேன்.