ஒன்பது வருசம் அடுத்தவங்க துப்பாக்கி, இப்ப எனக்கொண்ணு

ரிட்டயர் ஆகி கொஞ்ச நாள்ல பணம் கைக்கு வந்துச்சு, ஜிபிஎஃப், கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன்னு வரிசையா. வந்த வேகத்துலயே பாதி போயிடுச்சு, மகளோட வீட்டு லோனுக்குக் கொஞ்சம், மகன் கேட்டதுக்குக் கொஞ்சம், வீட்டுக்காரிக்கு ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்த செயின். மிச்சத்துல எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னு வைராக்கியமா இருந்தேன். எங்க செட்ல ஒருத்தர் காசிக்குப் போனாரு, ஒருத்தர் புல்லட் வாங்குனாரு, பைக்கத்தான் சொல்றேன். நான் வாங்குனது துப்பாக்கி.

பயப்படாதீங்க. ஏர் ரைபிள்தான்.

ஏன் இந்த ஆசைன்னு கேட்டா ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, ஆனித் தேரோட்டம் சமயத்துல திருநெல்வேலி டவுன் பொருட்காட்சில பலூன் சுடுற கடை போடுவாங்கல்லா, அங்க நான் ஒன்பது வயசுல நின்ன நிப்பு. அப்பா நாலணா குடுத்தாரு, அஞ்சு குண்டு, அஞ்சும் பலூனுக்கு நடுவுல இருக்க சந்துல போச்சு, கடைக்காரன் சிரிச்சான், இன்னொரு நாலணா கேட்டதுக்கு அப்பா "போதும்டே, வா"ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. அந்தப் பலூன் கடை துப்பாக்கில எல்லாம் குறி சுத்தமாவே இருக்காதுன்னு எனக்கு இப்பத்தான் தெரியும், அன்னிக்கு ராத்திரி பூரா என் கை மேலதான் கோவம்.

ரெண்டாவது காரணம் என் வேலை. 1988ல வருவாய்த் துறைல சேந்தேன். நடுவுல ஒன்பது வருசம் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் பைல் பாக்குற சீட்டு. மாவட்டத்துல யார் வீட்டுப் பீரோவுல என்ன துப்பாக்கி இருக்குன்னு அவங்க மருமகளுக்குக் கூட தெரியாது, எனக்குத் தெரியும். மனு வரும், அத தாலுகாவுக்கு ஒரு அறிக்கை கேட்டு அனுப்பணும், போலீசுக்கு ஒண்ணு கேட்டு அனுப்பணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், பாதுகாப்பா கையாளத் தெரியுமான்னு பயிற்சி சர்டிபிகேட் வேணும், எல்லாம் சேந்து கயிறு கட்டி மேல போகும். மேற்க அம்பை, கடையம் பக்கம் இருந்து வர்ற மனுல முக்காவாசி பயிர் பாதுகாப்புதான், மலையடிவாரம்லா, பன்னி எறங்கி ஒரே ராத்திரில வாழையத் தோண்டிப் போட்டுட்டுப் போயிரும். பயிர் பாதுகாப்பு லைசென்ஸ் இருக்குன்னு சொல்லி பன்னியச் சுட்டுர முடியாது, அதுக்கு வனத்துறை தனி, இத வாரவங்க ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்ட கட்டிக்கும். இது போக பேங்க் வாசல்ல நிக்கிற முன்னாள் ராணுவத்தாரு, அவங்களுது ரெட்டைக்குழல், குழல் அளவு 12 போர்னு சொல்வாங்க.

எலெக்சன் வந்துட்டா இன்னும் கூத்து. தேதி அறிவிச்ச உடனே பெரும்பாலும் எல்லாரும் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், ரசீது வாங்கணும், எண்ணி முடிஞ்ச பொறவு போயி திரும்ப எடுக்கணும். பாராளுமன்றம், சட்டசபை, உள்ளாட்சின்னு மாறி மாறி வர்றதால சில துப்பாக்கி வீட்ட விட ஸ்டேஷன்லதான் நிறைய நாள் இருந்திருக்கும்னு நாங்க பேசிச் சிரிப்போம். 2019 டிசம்பர்ல சட்டத்த திருத்துனாங்க பாருங்க, லைசென்ஸ் காலம் மூணு வருசம் இருந்தது அஞ்சு வருசம் ஆச்சு, அது நல்லது, ஆனா ஒரு ஆளு மூணு துப்பாக்கி வச்சிக்கலாம்னு இருந்தத ரெண்டாக் குறைச்சிட்டாங்க. அந்தச் சமயத்துல அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு பெரியவர், எனக்கு இருபது வயசு மூத்தவரு, தாத்தா காலத்துல இருந்து மூணு வச்சிருந்தவரு, என் டேபிள் முன்னால வந்து உக்காந்து "சார்வாள், மூணு பிள்ளையில ஒண்ணத் தத்துக் குடுங்கன்னு சொன்னா எதக் குடுப்பீரு"ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல. ஒரு டீ வாங்கிக் குடுத்தேன்.

அதே சமயத்துலதான் தென்காசி தனி மாவட்டமாச்சு, 2019 நவம்பர்ல, அந்தப் பக்கத்து பைல் எல்லாம் பிரிச்சு கட்டி லாரில ஏத்துனது ஒரு தனிக் கதை, அத இன்னொரு நாள் எழுதுறேன்.

இத்தனை வருசத்துல ஒரு துப்பாக்கியக் கூட நான் சுட்டது இல்ல. புதுப்பிக்க கொண்டு வருவாங்க, நம்பரச் சரி பாப்பேன், கைல வாங்குவேன், நல்ல கனமா, எண்ணெய் வாசத்தோட, குடுத்துருவேன். கல்யாண வீட்ல பந்தி பரிமாறிட்டே இருக்கவன் பசி மாதிரின்னு வச்சிக்கோங்க.

58ல வீட்டுக்குப் போக வேண்டிய ஆளு நான், 2020ல 59 ஆக்குனாங்க, 2021ல 60 ஆக்குனாங்க, அதனால 2024 ஜூன் கடைசிலதான் சால்வை, மாலை, ஆபீஸ் ஜீப்ல வீடு வரைக்கும் வந்து விட்டாங்க. அந்த ராத்திரியே ரெட்டைக்குழலுக்கு மனு போட்டா என்னன்னு யோசிச்சேன். உண்மையச் சொல்றேன், எனக்கு அந்த பைல் எந்தெந்த டேபிள்ல எத்தனை நாள் தூங்கும்னு மனப்பாடமா தெரியும், அதனாலயே ஆசை போயிருச்சு. அதோட "விண்ணப்பதாரருக்கு உயிருக்கு என்ன ஆபத்து"ன்னு ஒரு கேள்வி இருக்கும், பாளையங்கோட்டைல ஒரு முடுக்குக்குள்ள இருக்கவனுக்கு என்ன ஆபத்து, மிஞ்சிப் போனா தெருநாயி. மனுவ நானே எழுதி நானே தள்ளுபடி பண்ணிட்டேன்.

ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், குழல் 0.177 இன்ச், அதாவது 4.5 மில்லிமீட்டர், சக்தி 20 ஜூலுக்கு மேல போகக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மதுரைல ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜெர்மன், துருக்கி எல்லாம் எடுத்து வச்சாரு, விலையக் கேட்டு நான் நம்ம ஊரு தயாரிப்புக்கே வந்துட்டேன், குழல மடக்குற மாடல், ஸ்பிரிங் வச்சது, மரக்கட்டை, 18,500. ஆதார் காப்பி வாங்கிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடச் சொன்னாரு. நான் அந்த ரிஜிஸ்டரத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், தேதி சரியா இருக்கா, அடித்தல் திருத்தல் இருக்கா, பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கான்னு. "சார் இன்ஸ்பெக்சனா"ன்னு கடைக்காரருக்கு முகம் வெளுத்துப் போச்சு. பழக்கம், விடலை.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததச் சுருக்கமா சொல்லிட்டுப் போயிர்றேன். "ஏங்க, உங்களுக்குக் கோட்டியா புடிச்சிருக்கு"ன்னு வீட்டுக்காரி ஆரம்பிச்சா, ரெண்டு நாள் பேச்சு இல்ல, மூணாவது நாள் ஒப்பந்தம் ஆச்சு. தட்டட்டில, அதான் மொட்டை மாடில, வத்தல், மோர் மொளகா காய வைக்கிற நேரம் அவளுது, காலைல ஆறுல இருந்து ஏழு வரைக்கும் என்னுது, மத்த நேரம் அது பூட்டுன பீரோக்குள்ள இருக்கணும், சாவி அவகிட்ட. அறுபது வயசுல ஒரு துப்பாக்கிக்கு நான் தெனமும் காலைல மனு போட்டு வாங்குறேன்.

தட்டட்டிய டேப் வச்சு அளந்தேன், மூலைக்கு மூலை 36 அடி வந்துச்சு, போட்டிக்குத் தூரம் 10 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 33 அடி, போதும். எதுத்தால மரப்பெட்டி ஒண்ணு, உள்ள பழைய பேப்பர், கிழிஞ்ச துணி, பின்னால மணல் சாக்கு, ஏன்னா இது விளையாட்டுச் சாமான் இல்ல, ஈயக் குண்டு சுவத்துல பட்டுத் தெறிச்சு வந்தா கண்ணு போயிரும். பெட்டிக்கு முன்னால அட்டை. அந்த அட்டையப் பாத்திருக்கீங்களா, பத்தாம் நம்பர் புள்ளி அரை மில்லிமீட்டர், பேனா முனை வச்ச மாதிரி. குண்டே 4.5 மில்லிமீட்டர், புள்ளி அரை. 2008ல பீஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்குனது இந்தத் தூரம், இந்தப் புள்ளிதான், அன்னிக்கு டிவில பாத்தப்போ இதென்ன நின்ன இடத்துல நின்னு சுடுறதுதானன்னு நினைச்சேன். பொறவு நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன், பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்குன மனு பாக்கர், எல்லாரையும் இப்ப வேற கண்ணால பாக்கேன், மனு பாக்கர் பிஸ்டல், ஒத்தக்கைல நீட்டிப் புடிக்கணும், அத நினைச்சாலே எனக்குத் தோள் வலிக்கி.

மொதல் நாள் பத்து குண்டுல மூணு அட்டைலயே படல. பலூன் கடைக்காரன் மாதிரி பக்கத்து வீட்டுப் பையன் சிரிச்சான். அவன் அடுத்துக் கேட்டது, "மாமா, அந்த மயிலச் சுடுவீங்களா". எங்க பக்கம் மயில் இப்ப கோழி மாதிரி திரியுது, தண்ணித் தொட்டி மேலயே வந்து உக்காரும். நான் அவன உக்கார வச்சு சொன்னேன், எங்க அம்மா ஊரு கூந்தன்குளம் பக்கம், அங்க வெளியூர்ப் பறவைங்க பயந்துரும்னு தீபாவளிக்கு வெடியே போட மாட்டாங்க, அந்த ஊரு ரத்தம்லே எனக்கு, மயிலு காக்கா எதையும் சுடக்கூடாது, சுட்டா ஜெயிலு. ஜெயிலுன்னதும்தான் அவனுக்குப் புரிஞ்சுது.

துப்பாக்கின்னா நம்ம மாவட்டத்துல எல்லாருக்கும் ஆஷ் துரை ஞாபகம்தான். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், ரயில் பெட்டிக்குள்ள உக்காந்திருந்த கலெக்டர செங்கோட்டை வாஞ்சி பிரவுனிங் பிஸ்டல்ல சுட்டாரு. ஆஷோட கல்லறை எங்க பாளையங்கோட்டைலதான். அதுக்கும் நூறு வருசம் முன்னால, 1801 டிசம்பர்ல, பாளையக்காரங்கள அடக்குன கையோட வெள்ளைக்காரன் ஆயுதமே வச்சிருக்கக் கூடாதுன்னு பிரகடனம் போட்டான், பொறவு 1878ல ஆயுதச் சட்டம், அதோட பேரன்தான் நான் பாத்துட்டிருந்த 1959 சட்டம். ஆக கட்டபொம்மன் பேரங்க கிட்ட ரசீது எழுதி வாங்குற சீட்டுல நான் ஒன்பது வருசம் உக்காந்திருந்திருக்கேன்னு காலைல தட்டட்டில உக்காந்து குழல மடக்கும்போது தோணும்.

ஸ்பிரிங் துப்பாக்கில ஒரு கோளாறு, எவ்வளவு இறுக்கிப் புடிக்கியோ அவ்வளவு தப்பா போகும். ஸ்பிரிங் அதிருறப்போ துப்பாக்கி முன்னும் பின்னும் ஆடும், அத ஆட விடணும், உள்ளங்கைல சும்மா படுக்க வைக்கணும். எனக்கு இது தெரியாம ஒரு மாசம் வீணாப் போச்சு, குண்டு 500 டப்பா ஒண்ணு காலி. இதச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நினைக்கீங்க, அந்த மூணு பிள்ளைக்காரப் பெரியவர்தான்.

எப்படியோ விசாரிச்சு வீட்டுக்கே வந்துட்டாரு, கைல ஒரு சீப்பு நாட்டு வாழைப்பழம். எண்பது தாண்டிருச்சு, படி ஏறி தட்டட்டிக்கு வந்து மூச்சு வாங்க நின்னாரு. ரைபிளக் கைல வாங்கி எடை பாத்தாரு, "பொம்மை"ன்னாரு. பொறவு உக்காந்து, கட்டைய தோள்ல வச்சு, மூச்ச இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, டப். எட்டு. கண்ணாடி கூட போடல. "சார்வாள், நீரு அதப் பைல் மாதிரி இறுக்கிப் புடிக்கீரு, பைய புடியும்"னாரு. நான் புடிச்சேன், ஏழு, ஏழு, அப்புறம் மொதல் தடவையா ஒரு ஒன்பது. அந்த அட்டைய எடுத்து தேதி போட்டு வச்சிருக்கேன்.

கீழ வந்து காப்பி குடிச்சாரு, ரெண்டு முறுக்கு தின்னாரு, ஊர்ல பன்னித் தொல்லையச் சொன்னாரு, செருப்ப மாட்டுனாரு. வாசல் வரைக்கும் போனவரு திரும்பி நின்னு, சட்டைப் பைல இருந்து மடிச்ச பேப்பர் ஒண்ண எடுத்தாரு.

"சார்வாள், தப்பா நினைக்காதியும். மிச்ச ரெண்டுக்கும் புதுப்பிக்க குடுத்து நாலு மாசம் ஆச்சு. உம்ம சீட்டுல இப்ப யாரு இருக்கா?"