படிவம் 20 மேசைக்கு வரும்போது

2025 நவம்பர் 3

தாலுகா அலுவலகத்துக்கு வரும் தாள்களில் படிவம் 20 ரொம்பச் சாதுவான ஒன்று. உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2014 விதிகளில் வருவது. சிறுநீரகம் தருபவர் நெருங்கிய உறவினர் இல்லையென்றால், அவர் இன்ன முகவரியில் குடியிருக்கிறார் என்று தாசில்தார் சான்று தர வேண்டும். கேட்பது அவ்வளவுதான். விஏஓ வீட்டைப் பார்த்து எழுதுவார், ஆர்.ஐ. ஒப்பமிடுவார், தாசில்தார் முத்திரை விழும். மூவரில் யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த மேசையில்தான் வம்பு. அங்கே அதே தாளை "வருவாய்த் துறை விசாரித்துவிட்டது" என்று படிக்கிறார்கள். உறவினரல்லாதவர் உறுப்பு தர அனுமதி கொடுக்கும் அங்கீகாரக் குழு விசாரிக்கும் என்று தாசில்தார் விட்டுவிடுகிறார். தாசில்தார் பார்த்திருப்பார் என்று குழு எடுத்துக்கொள்கிறது. இரண்டு முத்திரையும் இருக்கிறதே என்று ஆஸ்பத்திரி தியேட்டருக்கு நாள் குறிக்கிறது. காசு கைமாறியதா என்று யாருமே கேட்கவில்லை.

இன்னார் இன்னாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறார் என்பது பெரும்பாலும் விஏஓவுக்குத் தெரியும். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. கேட்காததை எழுதலாமா? எழுதலாம், தனிக் குறிப்பாக. போன தேதி, நேரம், வீட்டில் இருந்தவர்கள், அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டது என்று வரிசையாக. ஊர்ப்பேச்சை ஊர்ப்பேச்சு என்றே குறிக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி: "உறவு பற்றியும் பணப் பரிமாற்றம் பற்றியும் இந்த அலுவலகம் விசாரிக்கவில்லை." இந்த வரி கோப்பில் இருந்தால் அடுத்த மேசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நகர்த்த முடியாது.

2025 நவம்பர் 4

சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவு என்றால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி சேர்ந்தார்கள். தாய்மாமனும் அத்தையும் சித்தப்பாவும் இதில் இல்லை. தூக்கி வளர்த்த அக்காள் மகன் மாமனுக்குக் கொடுக்க முன்வந்தாலும் அங்கீகாரக் குழு முன்னால் வந்து நிற்க வேண்டும். காசுக்குக் கொண்டுவரப்பட்ட பெண்ணை "மனைவி" என்று காட்டிவிட்டால் குழுவே தேவையில்லை, ஆஸ்பத்திரி மட்டத்திலேயே முடிந்துவிடும்.

அண்ணன் தம்பி என்பதில் சந்தேகம் வந்தால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கணவன் மனைவி என்பதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அதனால் திருமணச் சான்றின் நகலை உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. பதிவு எண்ணை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்க வேண்டும். கல்யாணத் தேதிக்குப் பிறகு ரேஷன் கார்டில் பெயர் எப்போது ஏறியது என்றும் பார்க்க வேண்டும்.

2025 நவம்பர் 7

நேர்காணல். குழுவுக்கு விதி சொல்லும் வேலை சின்னதல்ல. இருவருக்குள் தொடர்பு எப்படி வந்தது, ஏன் தருகிறார், நடுவில் புரோக்கர் உண்டா, மூன்று நிதியாண்டுகளுக்கு இருவரின் தொழிலும் வருமானமும் என்ன, சேர்ந்து எடுத்த பழைய படங்கள் உண்டா, தருபவரின் வீட்டாருக்கு இது தெரியுமா என்று அத்தனையும் பார்க்க வேண்டும். வீட்டாருக்கு ஆட்சேபம் இருந்தால் அதையும் பதிய வேண்டும். நேர்காணலை வீடியோ எடுக்க வேண்டும். தருபவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்: அவர் யார், சொந்த விருப்பத்தில்தான் வந்தாரா என்பதைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதி செய்ய வேண்டும்.

வழக்கமாகச் சறுக்கும் இடம் கேள்வியே. "இவரை எப்படித் தெரியும்?" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில்தான் வரும்: "பத்து வருஷமாப் பழக்கங்க, கூடப் பொறந்த அண்ணன் மாதிரி." புரோக்கர் ஒத்திகை பார்த்து அனுப்பிய வசனம் அது. சொல்லிக்கொடுக்க முடியாததைக் கேட்க வேண்டும். டயாலிசிஸ் ஊசி எந்தக் கையில் போடுகிறார்கள்? எந்தெந்தக் கிழமை? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க விடுகிறார்கள்? அவர் வீட்டில் கடைசியாக நடந்த சாவுக்குப் போனீர்களா, யார் செத்தது? வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் மெஷினில் கிடக்கும் மனிதனோடு நிஜமாகப் பழகியவர், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையில் பிளட் பிரஷர்கூடப் பார்க்க விடமாட்டார்கள் என்பதைத் தானாகவே சொல்லிவிடுவார். இதே கேள்விகளைத் தனி அறையில் பெறுபவரிடமும் கேட்டு இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும்.

வருமான வித்தியாசத்தில்தான் மனசாட்சி கனக்கும். வீட்டு வேலைக்குப் பதினைந்து வருஷமாக வரும் அம்மா தன் முதலாளிக்குத் தர வந்திருக்கிறார். "அவங்க வீட்ல ஒருத்தியா இருக்கேன் சார்." நிஜமாகவும் இருக்கலாம். பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தால் எடைபோட்டுப் பார் என்றுதான் விதி சொல்கிறது, மறுத்துவிடு என்று சொல்லவில்லை. ஏழை என்பதற்காகவே மறுத்தால், ஏழைக்குப் பாசம் இருக்க முடியாது என்று அரசு முத்திரை போட்டது போலாகும். வறுமை கண்ணெதிரே இருந்தும் பேசாமல் கடந்துபோனால் புரோக்கருக்கு வழிவிட்டதாகும். இந்த இரண்டு தவறில் முதலாவதுக்கு மேல்முறையீடு உண்டு, முப்பது நாளுக்குள். இரண்டாவதுக்கு எந்தக் கவுண்டரிலும் திருத்தம் கிடையாது, எடுத்த சிறுநீரகம் திரும்பி வராது. சந்தேகம் சமமாக நிற்கும்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் கண்ணில் படவில்லை.

மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். "திருப்தி இல்லை" என்ற ஒற்றை வரி மேல்முறையீட்டில் நிற்காது. "கேள்வி 4, 6, 9-க்கு இருவரின் பதில்கள் முரண்படுகின்றன" என்று எழுதினால் நிற்கும்.

2025 நவம்பர் 8

தாமதமும் ஒரு முடிவுதான் என்பதை மறந்துவிடுகிறோம். குழு கூடிய பிறகு 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. கூட்டமே நடக்காவிட்டால் அந்த 24 மணி நேரம் எங்கே தொடங்கும்?

2025 நவம்பர் 11

விற்றவர் குற்றவாளியா, சாட்சியா? போலீஸ் அதிகாரிக்கு இதைவிடச் சங்கடமான கேள்வி இல்லை.

உறுப்பு மாற்றுச் சட்டத்தின் பிரிவு 19 இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது, பணம் கொடுத்தவனும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் அபராதம். கடனுக்காகச் சிறுநீரகத்தையே கொடுத்தவரிடம் இருபது லட்சம் கேட்கும் சட்டம் இது. 2001-ல் சென்னையில் விற்ற 305 பேரிடம் எடுத்த ஆய்வில் 96 சதவீதம் பேர் கடனை அடைக்கவே விற்றதாகச் சொன்னார்கள். முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். பேசிய தொகை முழுசாகக் கைக்கு வரவில்லை, குடும்ப வருமானமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2007-ல் சென்னை எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பிலும் 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டப் பள்ளிபாளையம் விசைத்தறிக்காரர்களிடையேயும் வெளிவந்ததும் இதே கதைதான், ஊர்தான் வேறு.

விற்றவரைக் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்த்தால் அந்தத் தெருவில் அடுத்த ஆள் வாய் திறக்க மாட்டார். சேர்க்காமல் விட்டால் "சட்டத்தில் இல்லாத சலுகை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். நடுவில் ஒரு வழி உண்டு: புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 343-ன் கீழ் மன்னிப்பு வழங்கி அவரைச் சாட்சியாக்குவது. நீதித்துறை நடுவர் முன் வாக்குமூலம் பதிவானபின் மன்னிப்பைச் சீக்கிரமே கேட்க வேண்டும். தள்ளிப்போட்டால் அதற்குள் புரோக்கர் ஆள் வைத்து மிரட்டிவிடுவார். புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் ஆள்கடத்தல் பற்றிய பிரிவு 143-ஐயும் சேர்த்துப் பார்க்கலாம். அங்கே பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டில்லை, பணம் காட்டி இழுப்பதும் கடத்தும் வழிகளில் ஒன்று. ஆனால் "கட்டாயமாக உறுப்பை எடுத்தல்" என்று அதில் இருக்கிறது. கந்துவட்டி கட்டாயம் ஆகுமா? கோர்ட்டில் வாதம் அதில்தான் நடக்கும்.

இன்னொரு கண்ணி உறுப்பு மாற்றுச் சட்டத்தின் பிரிவு 22. உரிய அதிகாரி (இந்தச் சட்டத்தை அமல்படுத்த அரசு நியமித்தவர்) புகார் மனு தந்தால்தான் நீதிமன்றம் இந்தச் சட்டக் குற்றத்தை எடுத்துக்கொள்ளும். போலீஸ் குற்றப்பத்திரிகை அதற்கு ஈடாகாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. சாதாரண ஆள் ஒருவர் கோர்ட்டுக்குப் போவதென்றால் அந்த அதிகாரிக்கு 60 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆஸ்பத்திரி சிசிடிவி பதிவு அழிந்திருக்கும், புரோக்கர் சிம் மாற்றியிருப்பார். தகவல் கிடைத்த அன்றே சுகாதாரத் துறையின் உரிய அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்காத இன்ஸ்பெக்டர், மூன்று மாதம் உழைத்துக் கட்டிய வழக்கை வாசலிலேயே இழப்பார்.

2025 நவம்பர் 13

ஸ்கேன் எடுத்தால் ஒரு சிறுநீரகம் இல்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். விலாவோரம் சாய்ந்த நீளத் தழும்பு பழைய முறை. லேப்ராஸ்கோப்பி என்றால் வயிற்றில் இரண்டு மூன்று சின்னப் புள்ளியும் அடிவயிற்றில் ஒரு கீறலும் இருக்கும், சிசேரியன் என்று சொல்லி மறைத்துவிடலாம். அதற்காகத் தெருவையே வரிசையில் நிறுத்தி ஸ்கேன் எடுப்பது சரியில்லை. பொது மருத்துவ முகாமாக நடத்தி, ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் பார்த்து, விருப்பமுள்ளவருக்குத் தனியே ஸ்கேன் எடுக்கலாம். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவருக்கு இந்தப் பரிசோதனை எப்படியும் தேவை. பெயர்ப் பட்டியல் வாட்ஸப்பில் சுற்றினால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது.

2025 நவம்பர் 15

மாற்று அறுவை செய்யும் ஆஸ்பத்திரியின் உரிமத்தை நிறுத்துவது. அதே சட்டத்தின் பிரிவு 16-ன்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், பொதுநலன் கருதினால் நோட்டீஸ் இல்லாமலேயே நிறுத்தி வைக்கலாம். அதிகாரி தயங்குவதில் நியாயமும் இருக்கிறது. அங்கே மாற்றுச் சிகிச்சை முடித்தவர்கள் புது உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தினமும் டாக்ரோலிமஸ் விழுங்குகிறவர்கள், மருந்தின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிற்பது புதிய மாற்று அறுவைதான், வெளிநோயாளி சிகிச்சை தொடரும் என்று உத்தரவிலேயே எழுதிவிட்டால் "நோயாளிகள் தெருவில் நிற்கிறார்கள்" என்ற கூச்சலுக்கு இடமிருக்காது.

2025 நவம்பர் 18

ஓரிடத்தில் மறுக்கப்பட்ட ஜோடி வேறு மாநிலத்தில் புது முகவரியோடு முளைக்கும். தருபவரும் பெறுபவரும் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலக் குழுதான் தீர்மானிக்க வேண்டும் என்று பஞ்சாபிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த வழக்கு ஒன்றில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுத்த உத்தரவை மற்ற குழுக்களுக்கு அன்றே அனுப்பும் வழக்கம் இருந்தால் பாதி வேலை முடியும்.

"பழைய படங்கள்" என்று கோப்பில் ஒட்டிவருபவற்றை லென்ஸ் வைத்துப் பார்ப்பது நல்லது. மூன்று படம், தீபாவளி, பொங்கல், பிறந்தநாள் என்று மூன்று தலைப்பு. பின்னால் தொங்குவது ஒரே திரைச்சீலை, மூன்றிலும் ஒரே சட்டை, அதில் அயர்ன் மடிப்புகூடக் கலையவில்லை.